போர்த்தாத பொன்னாடை

தாரகை மன்றத்தில் சூசை மேரி சேர்ந்தது பிள்ளைகள் மேல் இருந்த பிரியத்தால் அல்ல. அந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருந்த அக்னஸ் எங்கே சறுக்குவாள் என்று பக்கத்தில் இருந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. கணவன் ஸ்டீபன்ராஜ் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் கிடப்பவன். சொல்லியிருந்தாலும், உனக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் கேட்டிருப்பான்.

வேலை நிறையவே இருந்தது. திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று காலையிலிருந்து ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். அப்படியிருந்தும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மன்றத்துக்குப் போய்விடுவாள். ஒரு வருஷத்தில் அவள் வராத சனிக்கிழமை என்று ஒன்று இல்லை.

மன்றம் நடந்தது தேவாலய வளாகத்தின் பின்புறம் இருந்த ஓட்டுக் கட்டடத்தில். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரைக்குமான பெண்பிள்ளைகள் எல்லா மதத்திலிருந்தும் வருவார்கள். அணிவகுப்பு, முதலுதவி, கயிற்றில் முடிச்சுப் போடுவது, கூட்டத்துக்கு முன்னால் நின்று பயமில்லாமல் பேசுவது எல்லாம் சொல்லித்தருவார்கள். சொல்லித்தருபவள் அக்னஸ். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கழுத்தில் எப்போதும் விசில். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மேரிக்கு அவள் மேல் இருந்த பகைக்கு வயது மூன்று. மேரியின் மகள் டயானா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தாரகை மன்றத்தில் அணித்தலைவி. மயிலத்துக்குப் பக்கத்தில் மூன்று நாள் முகாம் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் டயானாவின் பையில் ஒரு செல்போன் அகப்பட்டது. யாரோ ஒரு பையன் அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. அக்னஸ் மேரிக்கு போன் பண்ணி வரச் சொன்னாள். மேரி போனபோது மைதானத்தில் அறுபது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். டயானா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். அன்று மாலைக்குள் விஷயம் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கடைக்கு மனு எழுத வந்தவர்கள்கூட, 'பொண்ணு எப்பிடி இருக்கு?' என்று ஒரு மாதிரியான குரலில் கேட்டார்கள்.

அதோடு டயானா மன்றத்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது முடித்ததும் விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். போய்வர மாட்டேன் என்றாள். தீபாவளிக்குக்கூட ஒரு நாள்தான் வந்தாள். என் பெண்ணை என்னிடமிருந்து பிரித்தவள் இந்த அக்னஸ்தான் என்று மேரி முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவைத் தினமும் காலையில் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

தன் செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். முதலுதவிப் பெட்டியில் தேதி முடிந்த களிம்பு. வெயிலில் முக்கால் மணி நேரம் பிள்ளைகளை நிற்க வைத்தது. பெற்றோருக்குச் சொல்லாமல் பயிற்சி நேரத்தை மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் தேதி, சாட்சி. பதினொன்று சேர்ந்திருந்தது. எல்லாமே சின்னவை. மன்றத்துத் தலைவர் சுப்பராயலு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் சமாதானமாக முடிக்கப் பார்ப்பவர். அவர் முன்னால் வைத்தால் அக்னஸ் எழுந்திருக்கவே முடியாத மாதிரி ஒன்று வேண்டும். அதற்காக மேரி காத்திருந்தாள்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. அனுமதிக் கடிதங்களை அவள்தான் அடித்துக்கொடுத்தாள். எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை மாதவிடாய் நாளில் சொல்லக் கூச்சப்பட்டு மயங்கி விழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செஞ்சிப் பக்கமிருந்து வந்து திண்டிவனத்தில் நெல் மண்டி வைத்திருக்கும் நேமிகுமாரின் மகள் சன்மதி ஏழாவது படித்தாள். ஜைனக் குடும்பம். கிழங்கு, பூண்டு தொட மாட்டாள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடவும் மாட்டாள். வெளியே போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்று தனி டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுபோவது மேரிதான். குறை சொல்ல வந்த இடத்தில் தன் மேல் ஒரு குறை இருக்கக்கூடாது என்பது அவள் வைராக்கியம். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் மேரி ஆன்ட்டி, மேரி ஆன்ட்டி என்று ஒட்டிக்கொண்டார்கள்.

அக்னஸுக்குத் தெரிந்திருந்தது. சேர்ந்த இரண்டாவது மாதமே நேராகக் கேட்டுவிட்டாள்.

"மேரி, உனக்கு என்னப் புடிக்காது. எனக்கும் உன்னப் புடிக்கல. வேலைய மட்டும் பாக்குறியா?"

"அதுக்குத்தான் மிஸ் வந்துக்கினு இருக்கேன்," என்றாள் மேரி.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் வேலையைத் தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. அக்னஸ் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. மேலும் மேலும் வேலையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை விழுப்புரத்தில் பெண்பிள்ளைகள் மன்றங்களுக்கான மாவட்டப் போட்டி நடந்தது. தாரகையிலிருந்து இருபத்து மூன்று பிள்ளைகள். காலை ஒன்பதுக்கு முடிய வேண்டிய அணிவகுப்பு பன்னிரண்டுக்குப் போனது. முதலுதவிப் போட்டி மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. சன்மதியின் அணி கடைசி. மேரி கொண்டுவந்த எலுமிச்சை சாதம் வெயிலில் பையிலேயே ஊசிப்போனது. சன்மதி தண்ணீரைக் குடித்துவிட்டு, பரவாயில்லை ஆன்ட்டி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் எல்லாரும் புதிய பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். இனி பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர முடியாது.

பஸ் நின்றிருந்தது. கலைப்பிரியா என்ற பெரிய பெண் வெயில் தாங்காமல் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, முன் இருக்கையில் தன் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள் அக்னஸ். வழக்கமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிறவள், அன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லாரும் ஏறியாச்சா என்று குரல் கொடுத்தாள். ஏறியாச்சு மிஸ் என்று பிள்ளைகள் கத்தினார்கள். நடத்துநர் விசிலடித்தார்.

மேரி பின்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் பின்வாங்கித் திரும்பும்போது வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நீலச் சீருடை ஒன்று தெரிந்தது. சன்மதி. கையில் பாலிதீன் பையில் நாலைந்து பழம். பஸ் நகர்வதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஒரு கையை உயர்த்தினாள். அவள் கண் ஜன்னல் ஜன்னலாகத் தேடி மேரியின் முகத்தில் வந்து நின்றது. தெரிந்த முகம் கிடைத்துவிட்ட நிம்மதியில் அந்தப் பிள்ளை ஓட்டத்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தது. ஆன்ட்டி நிறுத்திவிடுவாள் என்ற நம்பிக்கை.

மேரி வாயைத் திறந்தாள். அந்த நொடியில் மனசுக்குள் யாரோ சொன்ன மாதிரி இருந்தது: இது பன்னிரண்டாவது. இது போதும்.

வாயை மூடிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து வேகம் எடுத்தது. மேரி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்காக யோசித்தாள். பெரிய பஸ் நிலையம், போலீஸ் இருக்கிறது, புத்திசாலிப் பிள்ளை, யாரிடமாவது கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடும். ஒன்றும் ஆகாது. திண்டிவனத்தில் நேமிகுமார் வந்து நிற்பார். எங்கே என் பெண் என்று கேட்பார். அப்போது அக்னஸ் எழுந்து எண்ணட்டும். எல்லாப் பெற்றோர் முன்னாலும் எண்ணட்டும். இருபத்திரண்டில் நின்றுபோய் அவள் முகம் எப்படி வெளுக்கும் என்பதை மேரி பார்த்தேவிட்டாள். நெஞ்சுக்குள் சூடாக ஒன்று பரவியது. அது சந்தோஷம்தான். பிறகு எவ்வளவோ நாள் அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போனதால் பஸ் ஊர்ந்தது. இடது பக்கம் வயல்களுக்கு மேலே சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மறைந்தது. முழுசாக மறைந்தது. அப்போதுதான் உறைத்தது, அந்தப் பிள்ளை இனி சாப்பிடாது. காலையிலிருந்து பட்டினி. கையில் பழத்தை வைத்துக்கொண்டே, தெரியாத ஊரில், ஆயிரம் பேருக்கு நடுவில் நிற்கும். ஆனாலும் உரித்து வாயில் போடாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிடத்தானே அந்தப் பழத்தை வாங்கியது?

"நிறுத்துங்க," என்று எழுந்து நின்று கத்தினாள். "ஒரு புள்ள ஏறல. நிறுத்துங்க."

முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்றது. அக்னஸ் திரும்பி, யார் என்று கேட்டாள். சன்மதி என்றாள் மேரி. அக்னஸின் முகம் மேரி நினைத்தபடியேதான் வெளுத்தது. பார்க்க மேரிக்குத் தெம்பில்லை. கலைப்பிரியாவை மடியிலிருந்து தள்ளவும் முடியாமல், இருபத்திரண்டு பேரை விட்டு இறங்கவும் முடியாமல் அக்னஸ் தவித்தாள். நான் போகிறேன் என்று மேரி இறங்கிவிட்டாள்.

சாலையைக் கடக்கும்போதே டயானாவுக்கு போன் போட்டாள். டயானாவின் விடுதி பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தாயும் மகளும் பேசி நாற்பது நாள் ஆகியிருந்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, "சொல்லு," என்றாள். மேரி மூச்சு வாங்கச் சொன்னாள். நீலச் சீருடை, ரெட்டைச் சடை, பெயர் சன்மதி. டயானா வேறு எதுவும் கேட்காமல் போனை வைத்தாள்.

ஷேர் ஆட்டோவில் நெருக்கிப் பிடித்து மேரி பஸ் நிலையம் வந்து சேர்ந்தபோது விளக்குகள் எரிந்தன. நேரக்காப்பாளர் அறைக்குப் பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் டயானாவும் சன்மதியும் உட்கார்ந்திருந்தார்கள். பழப்பை பிரிக்காமல் மடியில் இருந்தது. மேரி ஓடிப்போய்ப் பிள்ளையின் தலையைத் தொடப் போனாள். சன்மதி நகர்ந்து டயானாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டயானா எழுந்து தாயைத் தூண் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"பஸ்ஸு கெளம்பும்போது அது உன்னப் பாத்துச்சாம். நீயும் பாத்தியாம்."

"கண்ணாடியில வெயில் அடிச்சிது. எனக்கு ஒன்னும் தெரியலடி."

டயானா தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மயிலத்துல என்ன அடிச்சிட்டு, கை தவறிப் பட்டுச்சின்னு அப்பாகிட்ட சொன்ன. அதே மூஞ்சி."

மேரி மூன்று வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாமல் வைத்திருந்த விஷயத்தை டயானா தாழ்ந்த குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். செல்போனை எடுத்த அக்னஸ் அதை யாருக்கும் காட்டவில்லை. ஆபீஸ் அறையில் டயானாவை உட்கார வைத்து, உன் அம்மாவிடம் மட்டும் சொல்கிறேன், அவங்க கூட்டிட்டுப் போகட்டும் என்றுதான் சொல்லி, மறுபடி அணிவகுப்புக்கு அனுப்பினாள். மேரிதான் அறைக்குக்கூட வராமல், அணிவகுப்பில் நின்ற மகளை மைதானத்தின் நடுவிலிருந்து இழுத்து, அறுபது பேர் முன்னால் கன்னத்தில் இரண்டு அறை வைத்து, அந்தப் பையன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குறுக்கே வந்து தடுத்தவள் அக்னஸ். ஊர் பேசியது செல்போனைப் பற்றி இல்லை, மேரி அடித்த அடியைப் பற்றி.

"அந்த மிஸ்ஸால நான் வீட்ட வுட்டுப் போகல. உன்னாலதான் போனேன்," என்றாள் டயானா. "இதயும் நீயே சொல்லிடு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவள் சன்மதியின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டு, தாயிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அடுத்த பஸ்ஸில் சன்மதி மேரிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு இருக்கை தள்ளி, தெரியாத ஒரு பெண்மணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

திண்டிவனத்தில் நேமிகுமார் மேரியின் காலில் விழாத குறை. அக்னஸ் அதற்குள் அவரிடம், நான் எண்ணவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லியிருந்தாள். மறுநாள் சுப்பராயலுவிடமும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மேரி ஒரு வருஷமாகக் காத்திருந்த குற்றச்சாட்டை அக்னஸே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேரிக்கு வைக்க எதுவும் மிச்சமில்லை. அவளைப் பார்த்தவர்களெல்லாம், நீங்க மட்டும் கவனிக்காம இருந்திருந்தா என்றார்கள். கடைக்கு வந்தவர்களும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவள், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு மன்றத்தின் நன்றி நாள். வருஷம் முழுக்க உதவியவர்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளே நன்றி சொல்லி, பொன்னாடை போர்த்துவது வழக்கம். யாருக்கு யார் போர்த்துவது என்று பட்டியல் போடுகிறவள் அக்னஸ். மேரியின் பெயர் கடைசியில் இருந்தது. போர்த்துகிறவள், சன்மதி.

மேரி பட்டியலைப் பார்த்ததும் வர முடியாது என்று சொல்லப் பார்த்தாள். உடம்பு சரியில்லை என்றாள். சுப்பராயலு வீட்டுக்கே வந்துவிட்டார். நேமிகுமார் குடும்பத்தோடு வருகிறார், நீங்கள் இல்லாமல் எப்படி என்றார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் மேடையில் உட்கார்ந்தாள்.

கூட்டம் நன்றாகவே இருந்தது. பெஞ்சும் நாற்காலியும் இரவல் தந்த வெங்கடாசலத்துக்கு ஒரு பிள்ளை நன்றி சொன்னது. யோகா சொல்லித்தந்த ராஜாமணிக்கு இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில் நான்கு வரி பேசிவிட்டுப் போர்த்தியது. கூட்டம் கை தட்டியது. பிறகு சுப்பராயலு மேரியின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

சன்மதி பொன்னாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையேறினாள். மைக் முன்னால் நின்றாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தட்டுதல் ஓய்ந்தது. அவள் பேசவில்லை. கூச்சம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். சொல்லும்மா என்று கீழேயிருந்து நேமிகுமார் குரல் கொடுத்தார்.

"இவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் சன்மதி. மைக்கில் அது வளாகம் முழுக்கக் கேட்டது.

சுப்பராயலு சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். சன்மதி பொன்னாடையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். நேமிகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் முன்னால் மானம் போன மாதிரி மேடைக்கு ஏறி வந்து, மகளின் கையைப் பிடித்து உலுக்கினார். உன்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவங்களுக்கு இதுதான் மரியாதையா, இப்பிடியா வளத்தோம் என்று கேட்டார். நீ போர்த்து என்றார். பிள்ளை முடியாது என்று தலையசைத்தது. அவர் அடிக்கக் கையை ஓங்கினார்.

மேரி எழுந்ததை அவளே அறியவில்லை. ஓங்கிய கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள்.

"அடிக்காதீங்க. அது மேல தப்பு இல்ல. அன்னிக்கிப் பஸ்ஸு கெளம்பும்போதே நான் அந்தப் புள்ளையப் பாத்தேன். அதுவும் என்னப் பாத்துச்சி. நான் சொல்லல. முண்டியம்பாக்கம் வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்துக்கினு வந்தேன்."

சுப்பராயலுதான், ஏம்மா என்று கேட்டார்.

"அக்னஸ் மிஸ் மாட்டிக்கட்டும்னு."

நேமிகுமார் கையை இறக்கினார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கத்தவில்லை. "உங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம் பொண்ணுதான் கெடச்சிதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மகளின் கையிலிருந்த பொன்னாடையை வாங்கி மேசையில் வைத்து, அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது சன்மதி திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து பேச்சு கிளம்பியது. இவளும் ஒரு பொண்ணப் பெத்தவதானே என்றாள் ஒருத்தி, மேரியின் காதில் விழட்டும் என்றே. பின்வரிசையில் யாரோ செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தேசிய கீதம் பாடாமலே கூட்டம் கலைந்தது.

மேரி கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்னஸ் வந்து நின்றாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "அந்தப் புள்ள மறு வாரமே எங்கிட்ட சொல்லிடுச்சி."

மேரி நிமிர்ந்தாள். முகத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "தெரிஞ்சிருந்துமா என் பேரப் போட்டீங்க?"

"மேடையேறி வாங்கிக்குவியான்னு பாக்கத்தான் போட்டேன்."

"அது கையாலயா?"

"அது கையால குடுத்தாத்தான் உனக்கு ஒறைக்கும்னு நெனச்சேன். போர்த்த மாட்டேன்னுதான் சொல்லிச்சி. தாள்ல எழுதினத மட்டும் படி, மீதிய நான் பாத்துக்கறேன்னு நான்தான் ஏத்தி வுட்டேன்."

"இன்னும் கொஞ்சம் வுட்டா அது அடி வாங்கியிருக்கும் மிஸ்."

அக்னஸ் குழாயை எட்டி மூடினாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையில் சமாதானம் எதுவும் இல்லை. ஆனால் மேரிக்கு முதல் தடவையாக அக்னஸின் முகத்தில் தன் முகம் தெரிந்தது. அது அக்னஸின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். அவள்தான் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இனிமே நீ இங்க வராத," என்றாள் அக்னஸ்.

"வர மாட்டேன்."

"நானும் எவ்ளோ நாள் இருப்பேன்னு தெரியல," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த வாரமே நிர்வாகக் குழு கூடி மேரியை நீக்கியது. சன்மதியைக் கட்டாயப்படுத்தி மேடையேற்றியதை அக்னஸ் குழுவில் சொன்னாளா என்று மேரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. சிலர் அடுத்த தெருக் கடைக்கு நடந்து போனார்கள். வந்தவர்களும் தாளை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொங்கலுக்குப் பிறகு வருமானச் சான்றுக்காக வந்த கலைப்பிரியாதான், சன்மதி மறுபடி மன்றத்துக்கு வருகிறாள் என்றும், பஸ்ஸில் போகும்போது இப்போதெல்லாம் பிள்ளைகளே எண்ணிக்கொள்கிறார்கள், எண்ணுகிறவள் சன்மதி என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளும் மேரியின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆனால் அது பிறகு. நன்றி நாள் முடிந்த அன்று சாயங்காலம் மேரி வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் டயானாவுக்கு போன் பண்ணினாள். மேடையில் சொல்லிவிட்டதைச் சொன்னாள். டயானா கேட்டுக்கொண்டிருந்தாள். மேரி அதோடு நிறுத்தவில்லை. மயிலத்தில் நான் செய்ததும் தப்புதான், கை தவறிப் படவில்லை, தெரிந்துதான் அடித்தேன் என்றாள்.

"அத ஏன் எங்கிட்ட ஃபோன்ல சொல்ற?" என்றாள் டயானா. "என்ன அடிச்சது அறுபது பேரு முன்னாடி."

மேரி, எப்போது வரட்டும் என்று கேட்டாள். வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள். டயானா யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள், அதற்கு முன்னால் வந்தால் வார்டன் திட்டுவார் என்றாள்; தொடர்பைத் துண்டித்தாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு விழுப்புரத்தில் அந்த விடுதியின் பார்வையாளர் கூடம் நிரம்பியிருந்தது. தூக்குச் சட்டியும் பையுமாகப் பெற்றோர்கள், அவர்களைச் சுற்றிப் பிள்ளைகள். ஐம்பது பேராவது இருப்பார்கள். டயானா தன் அறைத்தோழிகள் மூன்று பேரோடு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

மேரி எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்துக்கே கேட்கிற குரலில், "இது என் பொண்ணு டயானா," என்று ஆரம்பித்தாள். மயிலத்தில் அறுபது பேர் முன்னால் அவளை அடித்ததைச் சொன்னாள். டயானாவின் முகம் கோபத்திலா வெட்கத்திலா என்று தெரியாதபடி சிவந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. மேரி சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.